தெரியக் கூடாத தெரு

செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய துணை சுகாதார நிலையத்தில் நான் பதினோரு வருடமாகக் கிராம சுகாதார செவிலியர். அது அரசாங்கக் காகிதத்தில். ஊரில் நான் நர்சம்மா. தையல்நாயகி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியல் எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பள்ளிக்கூடத்துக்குப் பூச்சி மாத்திரை, மந்திரி வந்தால் வாசலில் கோலம் என்று எல்லாம் என் தலையில்தான் விடியும். இவ்வளவும் செய்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்று தொண்ணூற்று நாலாம் வருடம் ஆகஸ்டில் உத்தரவு வந்தது.

உத்தரவைக் கொண்டுவந்தது ஓர் ஆராய்ச்சி. தாம்பரம் பக்கம் அப்போது புதிதாக முளைத்திருந்த ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் அருள்மேரி என்ற பெண் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது, வெள்ளைக் கோட்டு, கையில் கிளிப் போட்ட அட்டை. அவளுக்கு வழிகாட்டி பேராசிரியை வேதசிரோமணி. ஆராய்ச்சியின் தலைப்பு இதுதான்: தேர்ந்தெடுக்கப்பட்ட சமுதாயப் பகுதியில் வசிக்கும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் குறித்த அறிவின்மீது திட்டமிட்ட கற்பித்தலின் விளைவை மதிப்பிடும் ஓர் ஆய்வு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஆஸ்துமா இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விஷயம் என்னவோ எளிதுதான். ஒரு தெருவில் முப்பது பெண்களைப் பிடித்து முப்பது கேள்வி கேட்பார்கள். பிறகு பாடம் நடத்துவார்கள். முப்பது நாள் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். மார்க் ஏறியிருந்தால் பாடம் பலித்தது என்று அர்த்தம். அது பாடத்தால்தான் ஏறியது, வாரப் பத்திரிகை படித்து ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்காக இன்னொரு தெருவில் முப்பது பெண்கள். அவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்பார்கள், ஆனால் பாடம் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகுதான் அவர்களுக்குச் சொல்வார்கள். இவர்களுக்குக் கன்ட்ரோல் குரூப் என்று பெயர். சொல்லிக்கொடுத்தால் தெரியும், சொல்லிக்கொடுக்காவிட்டால் தெரியாது. இந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தெரு, செம்பாக்கத்தில் ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தெருவுக்குப் பாடம், எந்தத் தெருவுக்குப் பட்டை நாமம் என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டுமாம். அதுதான் விஞ்ஞானமாம். பேராசிரியையின் கைப்பையில் எல்லாம் இருந்தது, ஒரு ரூபாய்க் காசு இல்லை. நான்தான் என் மணிபர்சைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். பூ விழுந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பாடம் என்று அருள்மேரி எழுதிக்கொண்டாள்.

"இந்த முப்பது நாள் செம்பாக்கத்துல கேன்சர் பத்தி ஒரு வார்த்தை லீக் ஆகக் கூடாது. அது உங்க ரெஸ்பான்சிபிலிட்டி, சிஸ்டர்" என்றார் பேராசிரியை. "தீசிஸ்ல அக்னாலட்ஜ்மென்ட் பேஜ்ல உங்க நேம் போடுவோம். கோல்டு லெட்டர்ல பைண்டிங் பண்ணுவோம்."

பதினோரு வருடத்தில் என்னை யாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. என் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறியதில்லை. நான் விழுந்துவிட்டேன். தங்க எழுத்து அட்டைக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் என் பெயருக்கு வெறும் மசிதான் என்பது பிறகு தெரிந்தது.

செம்பாக்கத்துத் தெருவில் பதினேழாவது வீடு பச்சையம்மாவுடையது. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். எனக்கும் தினம் காலையில் அரை லிட்டர் அவள்தான். நாற்பத்து நாலு வயது. அவள் வீட்டுக்குள் புருஷனைத் திட்டினால் ஏரியில் துணி துவைக்கிறவர்களுக்குச் சேதி போய்விடும், அப்படி ஒரு குரல். முதல் தேர்வு நடந்த அன்று எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மார்பில் தோன்றும் வலியற்ற கட்டி புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்" என்று அருள்மேரி தாளைப் பார்த்து வாசித்தாள். "ஆமா, இல்ல, தெரியாது. மூணுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

"வலிக்காத கட்டியா? வலிச்சாதான கண்ணு பேஜாரு? வலிக்காட்டி அது பாட்டுக்கு சொம்மா கெடக்குது."

"மூணுல ஒண்ணுதான் சொல்லணும்மா."

"இல்லன்னு எயுதிக்கோ." எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "ஆமா, கரீட்டு இன்னா? அதச் சொல்லிட்டுப் போயேன்" என்றாள்.

அருள்மேரி என்னைப் பார்த்தாள். நான் எருமையைப் பார்த்தேன். "அத இப்ப சொல்லக் கூடாதும்மா. முப்பது நாள் கழிச்சு வந்து சொல்வோம்" என்றாள் அந்தப் பெண்.

"நல்லா கீதே நாயம்! கேள்விய இங்க வுட்டுட்டு பதில இட்டுகினு போறீங்களா?"

முப்பதுக்கு மூன்று மார்க் வாங்கினாள். தெருவிலேயே அதுதான் குறைச்சல். அருள்மேரிக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் தேர்வில் மார்க் குறைந்தால் ஆராய்ச்சிக்கு நல்லதாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மாள் முதல் நாளே இருபத்தேழு வாங்கிவிட்டார். பத்திரிகை படிக்கிறவர். அவரை நீக்கிவிட்டு விவரம் தெரியாத வேறு ஆளாகப் பார்த்துப் போடச் சொன்னார் பேராசிரியை.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த பச்சையம்மா வழக்கம்போல் அடுத்த வீட்டுக்கு ஓடவில்லை. கதவோரம் நின்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

"நர்சம்மா, அந்தப் பொண்ணு கேட்டுச்சே, வலிக்காத கட்டி. அது மெய்யா? எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணு கீது. பொங்கலாண்ட பாக்க சொல்ல புளியங்கொட்ட மாதிரி இருந்துச்சு. இப்ப எலந்தப்பயம் அளவுக்கு ஆயிட்ச்சு. வலியே இல்ல. அதான் நான் யாராண்டயும் சொல்லல."

பால் பாத்திரம் என் கையில் இருந்தது. எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். படித்திருக்கிறேன், பயிற்சி எடுத்திருக்கிறேன், சுவரில் அதே படத்தை ஒட்டியும் வைத்திருந்தேன். அந்தப் படத்தைக்கூட மூன்று நாள் முன்புதான் பேராசிரியை சொல்லிக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் வைத்திருந்தேன். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "ரெண்டு நாள் பொறு, கேட்டுச் சொல்றேன்" என்றேன். யாரைக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு? இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போனேன். பேராசிரியை டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"எக்ஸ்க்ளூஷன் கிரைட்டீரியா என்ன சொல்லுது, சிஸ்டர்? ஆல்ரெடி கேன்சர்னு டயக்னோஸ் ஆனவங்கள எடுக்கக் கூடாது. இவங்க டயக்னோஸ் ஆகல. அதனால சாம்பிள்ல தாராளமா இருக்கலாம். இப்ப நீங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்கன்னா டயக்னோஸ் ஆயிடும். அப்புறம் இருக்க முடியாது. முப்பது இருபத்தொன்பது ஆயிடும். என் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ன ஆகும்?"

"அவங்க என்ன ஆவாங்க மேடம்?"

"எமோஷனல் ஆகாதீங்க. பொங்கல்லேர்ந்து இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஏழு மாசம் இருந்தது இன்னொரு மாசம் இருக்காதா? பத்துல எட்டு சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். ஒருத்தருக்குச் சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிடும், சிஸ்டர். கன்டாமினேஷன்."

கன்டாமினேஷன் என்ற வார்த்தையை நான் காலரா சமயத்தில் குடிநீர்த் தொட்டி மாசுபட்டதற்குத்தான் கேட்டிருக்கிறேன். அறிவுக்கும் அது வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அருள்மேரியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், அவள் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றும் பேராசிரியை சொல்லி அனுப்பினார். அந்தப் பத்தில் எட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பச்சையம்மாவிடம் பாதி உண்மையைச் சொன்னேன். "உங்க தெருவுக்கு இப்பத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா அந்தப் பொண்ணோட பரீட்சை கெட்டுடுமாம். முப்பது நாள் பொறுத்துக்கோ, நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் என்னவென்றால் தலையை ஆட்டி, "ஒரு பொண்ணு படிப்புல மண்ணள்ளிப் போடக் கூடாது. ஆவட்டும்" என்றுவிட்டாள். அவளுக்கு ஒரு பெண் இருந்தாள், எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பாடம் அமர்க்களப்பட்டது. மூன்று விரலால் தடவிப் பார்ப்பது எப்படி, எந்தக் கட்டியைக் காட்ட வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அருள்மேரி வண்ண அட்டைகளைப் பிடித்துப் பிரமாதமாகச் சொன்னாள். குறை சொல்ல முடியாது. அந்த வகுப்பில் சாமுண்டீஸ்வரி என்றொருத்தி முதல் வரிசை. ரேஷன் கடைக்காரர் மனைவி. எதைக் கேட்டாலும் ஊர் முழுக்க ஒப்பிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பேராசிரியை வரைபடம் பார்த்துத்தான் தெருக்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம், சேதி போகாது என்று கணக்கு. ஆனால் அந்தத் தெருவில் பெண் எடுத்து இந்தத் தெருவில் கொடுத்திருக்கிறார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. பதினோராம் நாள் செம்பாக்கத்தில் சாமுண்டீஸ்வரியின் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மேளத்தோடு வருகிறது. பாடம் கேட்ட முப்பது பேரும், கேட்காத முப்பது பேரும் ஒரே பந்தலில்.

சேதி கேட்டுப் பேராசிரியை பதறிவிட்டார். "நீங்க போய் நடுவுல உக்காருங்க, சிஸ்டர். டாபிக் அந்தப் பக்கம் போச்சுன்னா மாத்துங்க" என்று ஆள் அனுப்பினார். புற்றுநோய் பரவாமல் தடுக்கப் போனவர்கள் உண்டு. அதைப் பற்றிய பேச்சு பரவாமல் தடுக்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பந்தியில் சாமுண்டீஸ்வரிக்கும் பச்சையம்மாவுக்கும் நடுவில் இடம் பிடித்தேன். கூட்டு வைக்கிற வரைக்கும் சேலை விலை, சர்க்கரை விலை என்று ஓட்டினேன். சாம்பார் வந்தபோது சாமுண்டீஸ்வரி ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க தெருவுல ஒரு கிளாஸ் எடுத்தாங்கடி, அடேயப்பா! குளிக்கும்போது மூணு வெரல வெச்சு இப்படி வட்டமாத் தடவிப் பாக்கணுமாம். வலிக்காத கட்டி தட்டுப்பட்டா..."

என் இடது பக்கத்தில் பச்சையம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவள் என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து காதைக் கொடுத்தாள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது அவளுக்கு.

"ஐயோ சாமுண்டி, பொண்ணுக்கு ஆரத்தி எடுக்கக் கூப்பிடறாங்க, ஓடு ஓடு!" என்று எச்சில் கையோடு அவளை எழுப்பித் துரத்தினேன். யாரும் கூப்பிடவில்லை. ஆரத்தி ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருந்தது. வாய் பேசாமல் இருந்தது முதல் பாவம் என்றால், பேசிய வாயை அடைத்தது இரண்டாவது. பச்சையம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த ஒரு வாரம் தினம் காலையில் பால் வாங்கினேன். தினமும் இன்று சொல்லிவிடுவது என்று எழுந்து, பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று வேலைக்குப் போனேன். காபி மட்டும் நன்றாக இருந்தது.

பதினெட்டாம் நாள் அவளுடைய எருமை ஒன்றுக்கு மடி வீங்கிவிட்டது. பால் திரிதிரியாக வந்தது. காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்தாள். ஏழு மணிக்கு அவள் புருஷன் குப்புராஜ் சைக்கிளில் மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தான். ஒன்பது மணிக்குக் கால்நடை டாக்டர் கஸ்தூரிரங்கன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எருமைக்கு அவர் முதல் தேர்வு எதுவும் வைக்கவில்லை. ஆமா, இல்ல, தெரியாது என்று கேட்கவில்லை. பக்கத்துத் தெரு எருமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முப்பது நாள் விட்டுவைக்கவும் இல்லை. மடியைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார், காம்புக்குள் மருந்து ஏற்றினார்.

"நல்ல வேளை உடனே கூப்பிட்டே. ரெண்டு நாள் விட்டிருந்தா காம்பே போயிருக்கும்" என்றாராம். மீதியும் குப்புராஜ் எனக்குச் சொன்னதுதான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

பச்சையம்மா அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "மாட்டுக்குன்னா ஒரு ஊசில கரைஞ்சிடுது சார். மனுசிக்கு வந்தா கரையுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எந்த மனுஷிக்கு?"

"எனக்குத்தான். எலந்தப்பயம் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்ல. நர்சம்மா முப்பது நாளு பொறுன்னுச்சு. இன்னும் பன்னெண்டு நாளு கீது."

"எந்த மடச்சி அவ?" என்று கத்தியிருக்கிறார் டாக்டர். சோப்பு நுரை கையோடு அப்படியே உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார். அவரிடம் இருந்தது கால்நடை மருந்தகத்துச் சீட்டுதான். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் பச்சையம்மா என்று போட்டார். கால்நடையின் இனம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, உரிமையாளரேதான் என்று எழுதினார். கீழே இங்கிலீஷில் நாலு வரி. இன்றைக்கே பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் இனிமேல் உன் மாட்டுக்கு நான் வரமாட்டேன் என்று குப்புராஜை மிரட்டிவிட்டுப் போனார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் பார்த்த டாக்டர் முதலில் சிரித்தாராம். பச்சையம்மாவைச் சோதித்துப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கே படுக்கை போடச் சொன்னாராம். கட்டி அக்குள் வரைக்கும் போயிருந்தது.

"முன்னாடியே வரக் கூடாதா, மாட்டு டாக்டருக்குத் தெரிஞ்சது உங்க ஊரு நர்சுக்குத் தெரியலையான்னு கேட்டாரு" என்றான் குப்புராஜ். மறுநாள் அவன்தான் பால் ஊற்ற வந்திருந்தான். "தெரியும் சார், ஆனா அது சொல்லக் கூடாதாம்னு சொன்னேன். என்னிய ஒரு மாதிரியாப் பாத்தாரு."

பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். அவன் அளந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டான். ஒரு வாரத்தில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். அடுத்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைக்க வேண்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போக முகம் இல்லை.

முப்பதாம் நாள் செம்பாக்கத்தில் கடைசித் தேர்வு. எனக்கு ஒரு குரூரமான நம்பிக்கை இருந்தது. தெருவில் ஒருத்திக்கு ஆபரேஷனே ஆகிவிட்டது, வலிக்காத கட்டி என்னவென்று இனி யாருக்குத் தெரியாது? எல்லோரும் ஆமா என்பார்கள், ஆராய்ச்சி குப்புற விழும், பேராசிரியை தலையில் துண்டு போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் பொன்னியம்மாள், "தெரியாது" என்றாள். அடுத்த வீட்டிலும் தெரியாது. அதற்கடுத்த வீட்டிலும். கூரையைப் பார்த்துக்கொண்டு, விறைப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் அதையே சொன்னார்கள். இருபத்தொன்பது வீட்டிலும் ஒரே பதில். எனக்குப் புரியவில்லை. பேராசிரியைக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. "ப்யூட்டிஃபுல் டேட்டா! கன்ட்ரோல்னா இப்படி இருக்கணும்" என்று பூரித்துப் போனார்.

பதினேழாம் நம்பர்தான் பாக்கி. அன்றைக்குத்தான் அருள்மேரிக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் முன்னாடியே அறிந்திருந்தேன் என்பதை என் முகத்திலேயே படித்துவிட்டாள். பேராசிரியை அசரவில்லை. "சாம்பிள்ல சேர்க்கும்போது டயக்னோஸ் ஆகல இல்ல? அப்ப அவங்க நம்ம கேஸ்தான். ஆஸ்பத்திரிக்கே போய் முடிச்சிட்டு வந்துடுங்க. முப்பதும் முடிஞ்ச பிறகு அந்தத் தெருவுக்குப் பாடம் எடுக்கலாம். எதிக்ஸ் முக்கியம்."

மறுநாள் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். நான் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் வாங்கி மடியில் வைத்திருந்தேன். அதை எப்படி நீட்டுவது என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

பச்சையம்மா பாதியாகியிருந்தாள். கட்டுப் போட்ட பக்கத்தைப் புடவையால் மூடிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா நர்சம்மா. பாலு ஒயுங்கா ஊத்துறாரா எங்கூட்டுக்காரு?" என்றாள். குரல் அடுத்த கட்டிலைத் தாண்டவில்லை.

அருள்மேரி அட்டையை எடுத்தாள். முதல் கேள்வியை வாசித்தாள்.

"தெரியாது" என்றாள் பச்சையம்மா.

இரண்டாவதுக்கும் அதே பதில். மூன்றாவதுக்கும். போன மாதம் அவள் சரியாகச் சொன்னதே இந்த மூன்று கேள்விகளுக்குத்தான். நாலாவது கேள்வி அதுதான். அருள்மேரி வாசித்தாள். "மார்பில் தோன்றும் வலியற்ற கட்டி..."

"தெரியாது. எயுதிக்கோ கண்ணு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "பச்சையம்மா! ஆபரேஷன் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே. உனக்கா தெரியாது?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "நீதானம்மா சொன்ன, எங்க தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு? தெரிஞ்சா இந்தப் பொண்ணு பரீட்ச கெட்டுப்பூடும்னு? அதான் எல்லாராண்டயும் சொல்லச் சொல்லி எங்கூட்டுக்காரு கிட்ட சொல்லி அனுப்ச்சேன். யாரு கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லுங்கடின்னு. சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றேன்.

"தெரிஞ்சிகினே நீ பதினெட்டு நாளு வாய மூடிகினு இருந்த. எங்களால ஒரு நாளு இருக்க முடியாதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு முழுக்கப் புரிந்திருந்தது. புரிந்தும் அந்தப் பெண்ணின் பரீட்சையைக் காப்பாற்றிக் கொடுத்தாள், எனக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டாள்.

அருள்மேரி மீதிக் கேள்விகளை வாசிக்கவில்லை. அட்டையை மூடிவிட்டு, பையிலிருந்து வண்ண அட்டைகளை எடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு கன்ட்ரோல் குரூப்புக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பதுதானே விதி. முதல் அட்டையில் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப சொல்லலாம்மா" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

பச்சையம்மா நல்ல கையால் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பி அவள் மடியிலேயே வைத்தாள். "எனுக்கு இன்னாத்துக்கு இனிமே? அங்க எங்க தெருவுல இருபத்தொம்பது பேரு கீறாங்க. அவங்களாண்ட போய்ச் சொல்லு. இன்னிக்கே போங்க ரெண்டு பேரும்."

ஹார்லிக்ஸ் பாட்டிலை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். கல்லூரிக்குப் போகவில்லை. ரயிலில் இறங்கி, பஸ் பிடித்து, மூன்று மணி வெயிலில் செம்பாக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தோம். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பொன்னியம்மாள் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அருள்மேரி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, இப்ப எங்களுக்குத் தெரியலாமா?"